மூன்றாம் அத்தியாயத்து வீடு

சாய்ந்தமருதில் ஸகியா தன் ஆய்வேட்டில் ஒரு வரி கூட்டும்போதெல்லாம், தங்கை ஆகிலாவின் கல்யாணத்துக்காகக் கட்டிய வீடு கடலை நோக்கி நகர்ந்தது. கடலரிப்பைப் பற்றிய ஆய்வு அது; மூன்றாம் அத்தியாயத்தில் அந்த வீட்டின் படத்தை வேர்ட் கோப்பில் வைத்திருந்தாள். மேலே எழுத எழுதப் படம் கீழே சரிந்தது, கரையில் வீடும் சரிந்தது. படத்தை இழுத்து மேலே வைத்தால் அட்டவணைகள் குலைந்து, மதில் பக்கத்து வளவுக்குள் போய் நின்றது. அழித்தும் பார்த்தாள், ஓடுகள் காற்றில் கரையத் தொடங்கவே பதறிப்போய் மீட்டாள். அயலவர்கள் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. வீடில்லாத பெண்ணை எவன் முடிப்பான் என்பதுதான் அவர்களுடைய கவலை. அந்தக் கவலையைக் கேட்டாலே இதை எழுதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசித் திருத்தத்தோடு வீடு அலை தொடும் இடத்தில் நின்றது. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை ஸப்ரியின் ஆட்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர், கோப்பை உடனே அனுப்பு, என் கணினியில் திறக்க வேண்டும் என்றார். வேறு கணினியில் திறந்தால் எழுத்துரு மாறும், பக்கம் மாறும், வீடு தண்ணீருக்குள் போகும். அந்த வீட்டுக்குள் உம்மா வட்டிலப்பம் அவித்துக்கொண்டிருந்தார். ஃபோனில் வெளியே வரச் சொன்னதற்கு, "அடுப்ப உட்டுப்போட்டு வரேலா" என்றுவிட்டார்.

மாமியின் மகன் றம்ஸீன் வேர்டுக்குப் பதிலாக லாடெக் மென்பொருளில் எழுதச் சொல்லி முன்பே மன்றாடியிருந்தான். அதில் இது படம், இது தலைப்பு என்று குறித்துக் கொடுத்தால் போதும். எது எங்கே நிற்பது என்பதை அதுவே தீர்மானிக்கும்; பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. ஆனால் இயக்கி முடியும்வரை எதையும் பார்க்க முடியாது.

"கண்ணால காணாம எப்பிடி மச்சான் உடுற?"

"கண்டுகொண்டுதானே கடலுக்குள்ள உடுறாய்?"

ஒரு வீடு இரண்டு கோப்பில் நிற்காது என்பதால், எல்லாவற்றையும் லாடெக்குக்கு மாற்றிக்கொண்டு வேர்ட் கோப்பை அழித்தாள். லாடெக்கை இயக்கினாள். பிழை காட்டியது. கரையில் வெறும் மணல்.

"ராத்தா, ஊட்டக் காணல்ல! உம்மா உள்ளுக்கு!" என்று கரையிலிருந்து ஆகிலா ஃபோனில் கத்தினாள்.

ஸகியா கோப்புக்குத் திரும்பினாள். வரி வரியாகத் தேடி, மூடாமல் விட்ட அடைப்புக்குறி ஒன்றைக் கண்டு மூடினாள். பிஸ்மி சொல்லி மறுபடி இயக்கினாள்.

வீடு ஊருக்கு மேற்கே, மாமாவின் வயலோரத்தில் வந்து நின்றது. உம்மா வெளியே வந்து, கடல் இருந்த பக்கம் நெல்லைக் கண்டு, தூசி வருமென்று ஜன்னலைச் சாத்தினார். ஸப்ரியின் ஆட்கள் வழி கேட்டு வந்து சேர்ந்து, காற்று நல்லம் என்றார்கள். பழைய இடத்துக்கே கொண்டுபோக ஒரு கட்டளை உண்டென்று றம்ஸீன் சொன்னான். ஸகியா அது என்னவென்று கேட்காமல் கோப்பைப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டாள். கல்யாணம் அங்கேயே நடந்தது. மின்சார சபைக்காரர்கள் வந்து கம்பியை மேற்கே இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.