பீ லியான் சந்தேகப்பட்ட பேரரசர்

மலேசியாவின் தைப்பிங்கில் மழை நாள் என்று தனியாக ஒன்றும் கிடையாது. மழை இல்லாத நாளைத்தான் நாங்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்போம். அப்படிக் கொட்டிய ஒரு மதியத்தில் நடமாடும் நூலக வேன் எங்கள் கடை வரிசைக்கு முன்னால் வந்து, இருமிவிட்டு, நின்றுபோனது. ஓட்டுநர் மெக்கானிக்கைத் தேடிப் போனார். வேனுக்குள் இருந்த நூலகர் ரொஹாயா, குடையையும் மீறி நனைந்து, பீ லியானின் சலூனுக்குள் ஓடிவந்தாள்.

நானும் அங்கேதான் இருந்தேன். என்னுடையது பக்கத்துத் தையல் கடை. மழை வலுத்தால் எனக்கும் ஆள் வராது, பீ லியானுக்கும் ஆள் வராது. இரண்டு பேரும் கோப்பி குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. என்னை ‘ஆச்சி’ என்பாள். இங்கே சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் தமிழ்ப் பெண்கள் எல்லோருமே ஆச்சிதான். எங்களுக்குள் பேச்சு மலாயில் நடக்கும். கோபம் வந்தால் மட்டும் அவள் ஹொக்கியன் சீனத்துக்குப் போய்விடுவாள், நான் தமிழுக்கு வந்துவிடுவேன்.

பீ லியான் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ரொஹாயாவின் முக்காட்டை வாங்கி, முடி உலர்த்தும் கருவியாலேயே காயவைத்துக் கொடுத்தாள். நன்றிக்கு ரொஹாயா வேனிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினாள்.

“ஐயோ, வேணாம்மா. எனக்குப் புத்தகம்னா தூக்க மாத்திரை. பள்ளிக்கூடத்துல மேசையிலயே குறட்டை விட்டவ நான்” என்றாள் பீ லியான்.

“ரெண்டு பக்கம் படிங்கக்கா. ரெண்டாவது பக்கத்துக்குள்ள ஒருத்தர் சாகலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க.”

முதல் பக்கத்திலேயே செத்துவிட்டார். பினாங்கு மலையில் ஒரு பங்களா. உள்பக்கம் தாழிட்ட குளியலறை. தொட்டியில் ஒரு வைர வியாபாரி. மெக்கானிக் வந்து, வேன் கிளம்பி, மழையும் விட்டது. பீ லியான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் ஃபூ அம்மாள் முடியைச் சுருட்டிக்கொள்ள வந்தாள். பீ லியான் மருந்து தடவி, சுருள் கட்டைகளைச் சுற்றிவிட்டு, ஒரு அத்தியாயம்தானே என்று உட்கார்ந்தாள். அது நான்கு அத்தியாயங்களாகிப்போனது. அவிழ்த்துப் பார்த்தபோது ஃபூ அம்மாளின் தலை, கொதிநீரில் அதிக நேரம் கிடந்த மீ நூடுல்ஸ் மாதிரி இருந்தது. கண்ணாடியில் அவள் ஒரு கற்றையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பீ லியான் மன்னிப்புக் கேட்டு, நடந்ததைச் சொன்னாள்.

“குளியலறை உள்பக்கம் பூட்டியிருந்துச்சா?” என்று கேட்டாள் ஃபூ அம்மாள்.

“ஆமா. ஜன்னல்ல கம்பி வேற.”

“அப்ப கொன்னவன் எப்படி வெளிய போனான்?” ஃபூ அம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். “யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. முடிதானே, வளந்துடும்.”

இப்படித்தான் அது தொடங்கியது. நூலக வேன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். வேன் சத்தம் கேட்டதும் பீ லியான் வாடிக்கையாளரின் தலையில் பாதி நுரையோடு வெளியே ஓடுவாள். துப்பறியும் கதைகள் கைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துபோயின. அவளுடைய கணவர் கிம் ஹோக், ஏர்கண்டிஷன் பழுதுபார்ப்பவர், என்னிடம் வந்து முறையிட்டார்.

“ஆச்சி, நேத்து நான் லேட்டா வந்தேன். எங்க போனீங்க, யாரப் பாத்தீங்க, சட்டையில என்ன கறைன்னு ஒரே விசாரணை. அது மீன் குழம்புன்னு சொன்னா, முகர்ந்து பாத்துட்டுத்தான் விட்டா.”

துப்பறியும் கதைகள் தீர்ந்ததும் ரொஹாயா பேய்க்கதைகளைக் கொடுத்தாள். அதிலும் பீ லியான் விழுந்தாள், ஆனால் வேறு மாதிரி. பட்டப்பகலில், கடை விளக்கு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் படிப்பாள். பின்பக்கம் தலை கழுவும் தொட்டிக்குத் தனியாகப் போகமாட்டாள். “ஆச்சி, சும்மா வந்து நில்லேன்” என்று சுவரைத் தட்டுவாள். நானும் ஊசியும் நூலுமாகப் போய் நிற்பேன்.

ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம். என் கடைக்குள் பீ லியான் பாய்ந்து வந்து, துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“வந்துருச்சு” என்றாள்.

“எது?”

“போந்தியானாக். வெள்ளை உடுப்பு. இடுப்பு வரைக்கும் முடி. சம்பங்கிப் பூ வாசனை. பெய்யிற மழையில ஒரு சொட்டு நனையாம வந்து நிக்குது. முடி வெட்டணுமாம்.”

பிள்ளை பெறும்போது செத்தவள் போந்தியானாக் பேயாகப் பூவாசனையோடு வருவாள் என்று கேட்டு வளர்ந்தவள்தானே நானும். பெரிய கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு எட்டிப்பார்த்தேன். சலூன் நாற்காலியில் ஒரு இளம்பெண் நர்ஸ் உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நல்ல பெரிய குடை விரித்து வைத்திருந்தது. கத்தரிக்கோலோடு நின்ற என்னைப் பார்த்ததும் அவள்தான் பயந்துபோய் எழுந்துகொண்டாள்.

“அவங்க எங்க போயிட்டாங்க? ‘என்ன பண்ணணும்’னு கேட்டாங்க, ‘பழசையெல்லாம் வெட்டி எடுத்துடுங்க’ன்னேன். ஓடிட்டாங்க” என்றாள் பாவம்.

அந்த நர்ஸுக்குப் பீ லியான் ஒரு மணி நேரம் தலையை அமுக்கிவிட்டு அனுப்பினாள். கிம் ஹோக்குக்கு நான் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு வாரம் அவர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் முகப்பவுடரைப் பூசிக்கொண்டு வந்தார்.

இதற்கிடையில் ஈப்போவில் வேலை பார்த்த அவர்கள் மகன் வெய் ஜியானுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் ஷூ மின், சீனப்பள்ளி ஆசிரியை. அவளுடைய அப்பா லியூ, சீனப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர். பெண் வீட்டார் சாப்பிட வருவதாக நாள் குறித்தார்கள். மகன் போனில் சிரித்துக்கொண்டே ஒன்று சொல்லிவிட்டான்: புதிதாக யாரைப் பார்த்தாலும் லியூ கேட்கும் முதல் கேள்வி, சீனத்து அரச வம்சங்களில் உங்களுக்கு எது பிடிக்கும் என்பதுதானாம்.

பீ லியான் வெலவெலத்துப்போனாள். கான்வென்டில் படித்தவள். மலாய் படிப்பாள், ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிப்பாள். சீன எழுத்தில் தன் பெயரையும் கடைப் பலகையையும் தவிர வேறொன்றும் தெரியாது.

“எனக்குத் தெரிஞ்சது மிங் ஒண்ணுதான். அதுவும் டீவியில பூஜாடியை உடைக்கிறப்ப கேட்டது” என்றாள்.

ரொஹாயா கொண்டுவந்த மலாய்ப் புத்தகம் செங்கல் கனம் இருந்தது. பீ லியான் நான்கு பக்கம் படித்துவிட்டு என் மேசை மேல் போட்டாள். “எல்லாப் பேரும் ஒரே மாதிரி இருக்கு ஆச்சி. யாரு யாருக்கு அப்பன்னே புரியல. எங்க ஆளுங்க பேரு எனக்கே குழம்புது பாரு.”

“கொலை இல்லையா அதுல?” என்று சும்மாதான் கேட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த சில நாட்களில் சலூனில் கேட்டதெல்லாம் விஷம், விஷம் கலந்த கஞ்சி, மருமகளைக் கிணற்றில் தள்ளிய மாமியார். முதலில் கொலை நடந்த பக்கங்களை மட்டும் படித்தாள். செத்தவன் யார் என்று தெரிய முந்தைய பக்கத்தைப் புரட்டவேண்டியிருந்தது. கொன்றவனுக்கு என்ன லாபம் என்று தெரிய அடுத்த பக்கத்தை. இப்படி முன்னும் பின்னுமாக மேய்ந்து, பாதிப் புத்தகத்தை அவளறியாமல் முடித்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் சுவரைத் தட்டாமல் நேராகவே வந்தாள். ஒரு படத்தை என் கண்ணுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

“ஆச்சி, உங்க எழுத்து எங்க புத்தகத்துல என்ன பண்ணுது?”

பழைய கல்வெட்டு ஒன்றின் படம். மிங் காலத்தில் பெரிய கப்பல்களோடு கிளம்பிய சீனத் தளபதி இலங்கையின் காலி நகரத் துறைமுகத்தில் வைத்த கல்லாம். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் வெட்டியிருந்தது. ஊசியில் நூல் கோர்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். தேய்ந்த கல், பழைய எழுத்து; வாசிக்க வரவில்லை. ஆனால் அங்கங்கே ஒரு ‘ம’, ஒரு ‘த’ தெரிந்தவர்கள் முகம் போலத் தட்டுப்பட்டது. அவற்றை விரலால் தடவிப் பார்த்தேன்.

“அறுநூறு வருஷமா பக்கத்துப் பக்கத்துக் கடைதான் போல நாம” என்றாள் பீ லியான். அன்று நான் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனேன். திருப்பி வாங்க அவள் சண்டை போடவேண்டியிருந்தது.

பெண் வீட்டார் வந்த நாளில் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். “நான் உளற ஆரம்பிச்சா காலை மிதி” என்று சொல்லிவைத்திருந்தாள். நான் இருந்ததால் எல்லோரும் மலாயிலேயே பேசினார்கள். இஞ்சி போட்டு ஆவியில் அவித்த மீன் மேசைக்கு வந்ததும், லியூ தொண்டையைச் செருமினார். ஒல்லியான மனிதர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

“உங்களுக்கு எந்த வம்சம் பிடிக்கும்?”

“சோங்” என்றாள் பீ லியான்.

அவர் முகம் மலர்ந்தது. “அப்படியா? ஓவியத்துக்காகவா, பீங்கானுக்காகவா?”

“இல்ல சார். கொலைக்காக.”

கிம் ஹோக்கின் சாப்பாட்டுக் குச்சியிலிருந்து மீன் உருண்டை நழுவிச் சூப்புக்குள் விழுந்தது. நான் காலை மிதித்தேன். அவள் நகர்த்திக்கொண்டாள்.

“அண்ணன் ராஜா. வெளிய பனி கொட்டுது. தம்பி வர்றான், ரெண்டு பேரும் குடிக்கிறாங்க. வேலைக்காரங்களை வெளிய அனுப்பிடறாங்க. மெழுகுவத்தி வெளிச்சத்துல நிழல் ஆடுது, கோடாலி சத்தம் கேக்குது. விடியறதுக்குள்ள அண்ணன் செத்துட்டான். அவனுக்கு வளந்த மகன் இருக்கான், ஆனா சிம்மாசனத்துல உக்காந்தது தம்பி. இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?”

லியூ குச்சிகளைக் கீழே வைத்தார். “அது விறகு வெட்டற கோடாலி இல்லைங்க. கையில வெச்சுக்கற சின்ன அலங்காரக் கோடாலி. அதால பனியைக் குத்தினார்னுதான் இருக்கு. அதோட, அதை எழுதினவர் ஒரு சாமியார். நடந்து நூறு வருஷம் கழிச்சு எழுதினார்.”

“நூறு வருஷமா? அப்ப சாட்சி அந்த இடத்துலயே இல்ல.”

“இல்ல.”

பீ லியான் கொஞ்சம் யோசித்தாள். “சரி சார். என் கேஸ் பாதி போச்சு.”

“மீதியும் போகும்” என்றார் லியூ, குரலில் உற்சாகம் ஏறியிருந்தது. “அவங்க அம்மா சாகும்போதே, உனக்கப்புறம் தம்பிதான் ராஜான்னு பெரியவன்கிட்ட வாக்கு வாங்கி எழுதி, பொன் பெட்டில வெச்சாங்க. தம்பி அபகரிக்கல, அம்மா குடுத்தது.”

“ஓ” என்றாள் பீ லியான். பிறகு, “அந்தப் பெட்டியை எப்ப திறந்து எல்லாருக்கும் காட்டினாங்க?”

லியூ கீழே வைத்த குச்சிகளை நேராக்கினார். “தம்பி பட்டத்துக்கு வந்து சில வருஷம் கழிச்சு.”

பீ லியான் ஒரு மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் மெதுவாக வைத்தாள். அவ்வளவுதான், லியூ சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “வகுப்புல நான் இதைச் சொல்லும்போது பாதிப் பேர் தூங்குவானுங்க. நீங்க முன் பெஞ்சுல இருந்திருந்தா என் தொண்டையாவது மிச்சமாயிருக்கும்.”

“நான் பின் பெஞ்சுல குறட்டை விட்டிருப்பேன் சார். இது இப்ப வந்த வியாதி.”

லியூவின் மனைவி என் பக்கம் சாய்ந்து, “இனிமே இவரு வாய் மூடாது. இங்கயே விட்டுட்டுப் போயிடட்டுமா?” என்றாள்.

மீன் முழுக்க ஆறிவிட்டது. வெய் ஜியானும் ஷூ மின்னும் தங்கள் கல்யாணத் தேதியைச் சொல்ல மூன்று தடவை முயன்று, கடைசியில் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். கிளம்பும்போது பீ லியான், ரொஹாயாவிடம் மறுபடி வாங்கி வைத்திருந்த அந்த மலைப் பங்களாக் கொலைக் கதையை லியூவின் கையில் திணித்தாள். “நான் இதெல்லாம் படிக்கிறதில்லை” என்றார், ஆனால் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே சலூனுக்கு லியூவிடமிருந்து போன்.

“கொன்னது தோட்டக்காரன்தானே?” என்றார்.

“சொல்ல மாட்டேன் சார்.”

“பெண் குடுத்த சம்பந்திகிட்டகூட சொல்ல மாட்டீங்களா?”

“இன்னும் குடுக்கலயே. குடுத்தப்புறம் கேளுங்க.”

அவர் பிறகு பேய்க்கதைகளுக்கும் வந்தார் என்று ஷூ மின் எங்களிடம் ரகசியமாகச் சொன்னாள்; இப்போது கழிப்பறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொள்கிறாராம்.

கல்யாணத்தன்று பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் சடங்கு. சிவப்புத் துணி விரித்த நாற்காலிகளில் சம்பந்திகள் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் முழங்காலிட்டு, கோப்பைகளை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார்கள். பீ லியானும் லியூவும் அடுத்தடுத்த நாற்காலி. விஷக் கொலையில் பேர் அடிபட்ட ஏதோ ஒரு வம்சத்து அமைச்சரைப் பற்றி இருவரும் உதட்டை அசைக்காமல் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

“அவன் சமையல்காரனுக்கு ஏன் வீடு வாங்கிக் குடுத்தான் சார்? அதைச் சொல்லுங்க.”

“நல்லா சமைச்சிருப்பான்.”

“நல்லா கலந்திருப்பான்.”

“அப்பா, கை வலிக்குது” என்றாள் ஷூ மின்.

இரண்டு பேரும் திடுக்கிட்டு ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். மாமியாருக்கான கோப்பையை அப்பாவும், அப்பாவுக்கான கோப்பையை மாமியாரும் வாங்கி, ஒரே மடக்கில் குடித்தும்விட்டார்கள். கூடம் முழுக்கச் சிரித்தது. மறுபடி தேநீர் ஊற்றச் சொல்லிவிட்டு, கிம் ஹோக் என் பக்கம் திரும்பி, “ஆச்சி, கோப்பை மாறினதுக்கு யாரு காரணம்னு இப்ப ஒரு மாசம் விசாரணை நடக்கும், பாரு” என்றார்.