தென்றலின் முழங்கால்

வரதராசன்பேட்டை ஷைனிக்கு இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் பன்னிரண்டு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பவரின் சட்டை நிறம்தான் தெரியும், முகம் தெரியாது. ஜெயங்கொண்டத்தில் கல்லூரி சேர்ந்து, கான்டாக்ட் லென்ஸ் போட ஆரம்பித்த பிறகுதான் கபடி ஆடினாள். முதல் வருடமே எதிரணி பயப்படும் ரெய்டர் ஆகிவிட்டாள்.

லென்ஸ் கொடுத்த திருச்சி டாக்டரம்மா அன்றைக்கே சொல்லியிருந்தார். “லென்ஸ் பார்வையத்தாம்மா சரி பண்ணும். உள்ள இருக்கிற விழித்திரை உனக்கு ரொம்ப மெலிசு, அடிபட்டா கிழிஞ்சிடும். ஓடலாம். ஷட்டில் ஆடுனா அதுக்குன்னு இருக்கிற பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்க. கபடி வேண்டாம். கண்ணோரத்துல மின்னல் மாதிரி வெட்டுனா அன்னைக்கே வந்துடு.”

மருந்துக்கடை வாசலில் நின்றிருந்த அப்பா அமல்தாஸிடம், “விளையாடலாம்னு சொல்லிட்டாங்கப்பா” என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்றாம் வருடம், அரியலூரில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப்போகும் நேரம். பயிற்சியில் ஷைனியைப் பிடிக்கப் பாய்ந்த தென்றலின் முழங்கால் அவளுடைய வலது கண்ணில் இடித்தது. லென்ஸ் தெறித்து மண்ணில் விழுந்தது. தென்றல் அவளோடு ஒரே பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிறவள். பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஷைனி சிரித்தபடி எழுந்து, பையிலிருந்து வேறு லென்ஸ் எடுத்துப் போட்டுக்கொண்டு ஆடினாள்.

மறுநாள் பஸ்ஸில் கண்ணோரம் மின்னல் வெட்டியது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஆள் எடுத்து முடியட்டும் என்று இருந்துவிட்டாள். அரியலூர் மைதானத்தில் இறங்கியபோது வலது கண்ணில் கீழிருந்து ஒரு கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் வந்த கையை அவள் பார்க்கவேயில்லை. தென்றலை எடுத்தார்கள். ஷைனியை எடுக்கவில்லை.

திருச்சியில் ஆபரேஷன் செய்து, விலகியிருந்த விழித்திரையை ஒட்டி, அது பிடிக்கும்வரை குப்புறப் படுத்திருக்கச் சொல்லி அனுப்பினார்கள். அமல்தாஸ் தென்றல் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். தென்றல் மாவட்ட அணிக்குப் போகவில்லை. ஒருநாள் மத்தியானம் அவளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“என்னாலதான்டி” என்று அழுதாள்.

தலையணையில் முகம் புதைத்தபடியே ஷைனி சொன்னாள்: “உன்னால இல்ல. ஆடக்கூடாதுன்னு டாக்டர் மொதல்லயே சொன்னாங்க. நான்தான் யார்கிட்டயும் சொல்லல.”

தென்றல் அழுகையை நிறுத்தினாள்.

“எப்போ சொன்னாங்க?”

“லென்ஸ் வாங்குன அன்னைக்கு.”

“மூணு வருசமா தெரிஞ்சுதான் என்கூட ஆடுனியா? எனக்குத் தெரிஞ்சிருந்தா உன்னத் தொட்டிருப்பனா?”

“அதுக்காகத்தான் சொல்லல.”

“தூங்கவே முடியல ஷைனி. கண்ண மூடுனா அந்தச் சத்தம்தான் கேக்குது. இதச் சொன்னா அது போயிடும்னு நெனச்சியா?”

ஷைனியால் தலையைத் திருப்ப முடியவில்லை. செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. “போயிட்டு வரேன்” என்று எப்போதும் சொல்கிறவள், அதுவும் சொல்லவில்லை. கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்ட அமல்தாஸ் முந்திரித் தோப்புக்குப் போனார்.

விழித்திரை மறுபடியும் விலகியது. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு வலது கண்ணுக்குக் கையசைத்தால் நிழல் தெரிந்தது, அவ்வளவுதான். இடது கண்ணிலும் ஒரு ஓட்டை இருப்பதைப் பார்த்து லேசர் வைத்தார்கள். அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று ஷைனி கேட்டாள். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, “பத்திரமா இருந்துக்கம்மா” என்றார்.

தென்றல் படிப்பை நிறுத்திவிட்டாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். ஷைனி போன் செய்து பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அமல்தாஸ் வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுகிறார். மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தும்போதும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, கண்ணை மட்டும்தான் பார்க்கிறார்.