பத்தொன்பது விக்கெட்

கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுத் தண்ணீர் டம்ளரும் கரண்டியுமாகக் கவிதா கூடத்துக்கு வந்தபோது, ஜெயப்பிரகாஷ் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கு பௌலருங்களப் பத்திப் பேசுவோமாப்பா?"

கட்டிலில் கிடந்த முத்துசாமி கண்களை மட்டும் மகன் பக்கம் திருப்பினார். எட்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. காது கேட்கும், சொல்வதெல்லாம் புரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆமாம் என்றால் கண்ணை ஒரு முறை மூடித் திறப்பார். இல்லை என்றால் திறந்தபடியே பார்ப்பார். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது கவிதாதான். பசிக்குதா மாமா, திரும்பிப் படுக்கிறீங்களா மாமா என்று கேட்க அது போதுமானதாக இருந்தது.

முத்துசாமி குன்னத்தில் முப்பத்து மூன்று வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். இளவயதில் ரேடியோவில் லண்டன் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக் கேட்டே தனக்கு அந்த மொழி வந்தது என்பார். மட்டையைக் கையால் தொட்டவரில்லை. ஆனால் இங்கிலாந்து ஆட்டக்காரர்களில் யார் பெரியவன் என்ற பேச்சு வந்துவிட்டால் சாப்பாட்டை மறந்துவிடுவார். சனிக்கிழமை தவறாமல் செல்லக்கண்ணு வாத்தியாரும் பழனிவேல் வாத்தியாரும் அவரும் பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கூடி, பதினோரு பேர் பட்டியல் போட்டுக் கிழிப்பார்கள். கவிதா கல்யாணமாகி வந்த பிறகும் அது நடந்தது. அவர் படுத்த பிறகுதான் நின்றது.

அதற்குப் பிறகு மகன் ஆரம்பித்தான். தன் கடையை மதியம் மூடிவிட்டு வந்தால் தினம் ஒரு மணி நேரம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசினான். அடுத்த வீட்டு நர்ஸ் பூவிழி பிரஷர் பார்க்க வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "பெத்தா இப்படி ஒரு புள்ளையப் பெக்கணுங்க" என்பாள். கவிதாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஹாப்ஸ், போத்தம், ஆண்டர்சன் என்று அவன் அடுக்கும் பெயர்கள் சமையலறை வரை கேட்கும். அவன் பேசப் பேச மாமாவின் இடது கை கட்டில் கம்பியைப் பட் பட்டென்று அடிக்கும். கண்ணோரம் நீர் வழிந்து தலையணை நனைந்திருக்கும். ஒரு தரம் அவள் கேட்டாள்.

"ஏங்க அவரு அழுவுறாரு?"

"சந்தோசத்துல. எத்தன வருசத்துப் பேச்சு."

அன்று மின்விசிறி சுழன்றும் கூடம் கொதித்தது. வெளியே சித்திரை வெயில். முத்துசாமியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. காலையிலிருந்தே மூச்சு சரியில்லை. கவிதா கரண்டியில் தண்ணீர் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். ஜெயப்பிரகாஷ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இரு. அப்பா ஒண்ணே ஒண்ணு சொல்லணும். சொன்னதும் குடு."

"தொண்ட வறண்டிருக்குங்க."

"ஒரு நிமிசந்தான்." அவன் குனிந்து அப்பாவின் முகத்துக்கு நேரே வந்தான். குரல் பணிவாக இருந்தது. "ஒரே மேட்ச்சுல பத்தொன்பது விக்கெட் எடுத்தது யாருப்பா? அண்டர்வுட். சரிதானுங்களே? ஆமான்னா கண்ண மூடுங்க."

முத்துசாமி கண்ணை மூடவில்லை.

"அண்டர்வுட்தாம்ப்பா. நல்லா யோசிச்சுப் பாருங்க."

இடது கை கம்பியை அடித்தது. பார்வை மகனிடமிருந்து கரண்டிக்குப் போய், கரண்டியிலிருந்து கவிதாவுக்கு வந்தது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தலையணையில் விழுந்தது.

"குடுத்துடுறேங்க."

"இருன்னு சொன்னன்ல." அவன் அவளைப் பார்க்காமலேயே சொன்னான். "அண்டர்வுட். நான் சொன்னது சரி. அத ஒத்துக்கங்க, போதும்."

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போய்த் திரும்பியும் வந்தது. மாமாவின் கண்கள் இமைக்காமல் சிவந்து, விளிம்பில் நீர் கட்டிக் கிடந்தன. இமைத்தால் அது ஆமாம் ஆகிவிடும் என்பதால்தான் அப்படி வைத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஏதோ விளையாட்டு நீண்டுவிட்டது, இப்போது முடிந்துவிடும் என்று நினைத்துக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். கையை உதறியிருந்தால் அவன் விட்டிருப்பான். அவ்வளவு இறுக்கமாகக்கூட அவன் பிடித்திருக்கவில்லை.

முத்துசாமி கண்களை மூடினார்.

ஜெயப்பிரகாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாத்தியா? ஆமாங்கிறாரு" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பைக் கவிதா கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. "இப்பக் குடு."

அவள் கரண்டியைச் சாய்த்தாள். தண்ணீர் உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்து காதுக்குள் இறங்கியது.

கூப்பிட்டதும் பூவிழி ஓடிவந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். கண்ணைத் திறந்து டார்ச் அடித்தாள். பிறகு ஜெயப்பிரகாஷின் தோளைத் தொட்டு, "போயிட்டாருங்கண்ணா. நீங்க பக்கத்துல இருக்கிறப்பவே போயிருக்காரு. குடுத்து வச்சவரு" என்றாள். அவன் தலையாட்டினான். கவிதா கரண்டியைக் கீழே வைக்க இடம் தேடினாள்.

மறுநாள் காலை வாசலில் சாமியானா போட்டார்கள். செல்லக்கண்ணு வாத்தியாரும் பழனிவேல் வாத்தியாரும் ஆளுக்கொரு மாலையோடு வந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நிழல் பார்த்து நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பாடை கட்ட ஆள் வர நேரமானது. கவிதா டீ எடுத்துக்கொண்டு வரும்போது பேச்சு தொடங்கியிருந்தது.

"ஹாப்ஸ ஒருத்தன் தாண்டிட முடியுமான்னு கடைசி வரைக்கும் கேட்டான்யா முத்துசாமி" என்றார் பழனிவேல்.

"அது அந்தக் காலம். போத்தம் மாதிரி தனி ஆளா நின்னு மேட்ச்சத் திருப்பினவன் யாரு சொல்லு. எம்பத்தொண்ணு, ஆஸ்திரேலியாவோட. நூத்தி முப்பதா, நூத்தி நாப்பதா?"

"நூத்தி நாப்பத்தொம்பது, நாட் அவுட்" என்றான் ஜெயப்பிரகாஷ். பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றிருந்தான்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆண்டர்சன் எத்தன விக்கெட் தம்பி?"

"எழுநூத்தி நாலு."

"ஹாப்ஸு?"

"ஓப்பனருங்க. பர்ஸ்ட் கிளாஸ்ல அறுவதாயிரத்துக்கு மேல ரன்னு. அவ்வளவு அடிச்சவங்க வேற யாரும் இல்ல."

கவிதா டீத் தட்டோடு அப்படியே நின்றாள். ஹாப்ஸ் பௌலர் என்றும் மட்டை பிடிக்கவே தெரியாது என்றும் இதே வாய் போன வாரம் மாமாவிடம் சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டிருந்தாள். போத்தம் ஆஸ்திரேலியாக்காரன் என்றான். ஆண்டர்சன் முந்நூறுகூட எடுக்கவில்லை என்றான். கிரிக்கெட் தெரியாத அவளுக்கும் எட்டு மாதமாகக் காதில் விழுந்த பெயர்கள் பாடமாகியிருந்தன. அதெல்லாம் அவன் தெரியாமல் சொன்னதில்லை.

செல்லக்கண்ணு டீயை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். "நல்லாத்தான் வச்சிருக்கான்யா. ஒரே மேட்ச்சுல பத்தொன்பது விக்கெட்டு, யாருடா?"

ஜெயப்பிரகாஷ் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான்.

"லேக்கர். அம்பத்தாறு, மான்செஸ்டர்."

"அட, இத அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா டம்ளர் கழுவியிருக்க வேண்டியதில்லையே." அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். "இவனுக்குப் பதினோரு வயசு இருக்கும். முத்துசாமி டீக்கடைக்குக் கூட்டிட்டு வந்து எங்க முன்னாடி நிக்க வச்சு இதே கேள்வியக் கேட்டான். இவன் அண்டர்வுட்டுன்னுட்டான். அவ்ளோதான். இவன் கிளாஸ் கழுவத்தான் லாயக்கு, இப்பவே பழகட்டும்னு சட்டையக் கழட்ட வச்சு கடைக்காரன்கிட்ட விட்டுட்டான். பொழுது சாயிற வரைக்கும் கழுவினான். அப்புறம் அடுத்த சனி, அதுக்கடுத்த சனின்னு ஒரு வருசம் போச்சு. எங்க கிளாஸு, இவங்கப்பன் கிளாஸு எல்லாம் இவன் கழுவினதுதான். ஒரு தரம் ஒடஞ்சு கை கிழிஞ்சு ரத்தம் வந்தப்பக்கூட, கழுவிட்டு வந்து கட்டுப் போட்டுக்கன்னுட்டான் அந்த மனுசன்."

"கண்டிப்பான ஆளு" என்றார் பழனிவேல்.

"கண்டிப்பு இருந்ததாலதான இன்னைக்கு இப்படி நிக்கிறான்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள். ஜெயப்பிரகாஷும் சிரித்தான். கவிதா தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டி, காலிக் கப்புகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் பெண்கள் இருந்தார்கள். அதனால் கொல்லைப்புறம் போய்க் கிணற்றுச் சுவரில் கை ஊன்றி நின்றாள். அந்தப் பையன்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தோடு கூடவே, கரண்டியைப் பார்த்துவிட்டுத் தன்னைப் பார்த்த கண்களும் வந்தன. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் நின்றன.

பதினோரு மணிக்கு எடுத்தார்கள். தண்ணீர்க் குடம் உடைத்துக் கொள்ளி வைத்துவிட்டு, மொட்டைத் தலையோடு வந்த மகனைப் பார்த்துத் தெருவே கண் கலங்கியது. எட்டு மாதம் மலம் மூத்திரம் பார்த்த மருமகளையும் இரண்டு பேர் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கவிதா அரியலூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் வருவதாகச் சொன்னாள். வழக்கம்தானே என்று ஜெயப்பிரகாஷ் மறுக்கவில்லை. பைக்கில் புது பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டான். அவள் ஏறி உட்கார்ந்து, பையை ஜன்னல் வழியாக அவனிடமிருந்து வாங்கி இருக்கையில் வைத்தாள். டிரைவர் இன்னும் ஏறவில்லை. அவன் ஜன்னலுக்குக் கீழேயே நின்றான். மொட்டைத் தலையில் கறுப்பாக முளைக்கத் தொடங்கியிருந்தது.

"எப்ப வருவ?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

அவன் போகவில்லை. செருப்பு நுனியால் தரையைக் கீறினான்.

"நீ அங்கதான நின்ன, கவிதா. நீயும் பாத்தேல்ல? கடைசியா அவரு ஒத்துக்கிட்டாருல்ல? கண்ண மூடுனாருல்ல?"

வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் அண்ணாந்து பார்த்த விதத்தில் பதினோரு வயசு தெரிந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அவனுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. கவிதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு தண்ணி கேட்டாருங்க" என்றாள்.

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். பின்னால் நின்ற கண்டக்டர் விசிலடித்துக்கொண்டே வந்து, "சார், வண்டி ரிவர்ஸ் எடுக்குது, தள்ளுங்க" என்று ஜெயப்பிரகாஷின் முழங்கையைத் தொட்டு நகர்த்தினார். அவன் இரண்டடி நகர்ந்து, ஒரு வெங்காய மூட்டையில் இடித்துக்கொண்டு நின்றான். பஸ் திரும்பியது. முன்னால் ஒரு சிமெண்ட் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "வெயிலு மூஞ்சியில அடிக்குதும்மா" என்றாள். கவிதா ஜன்னல் ஷட்டரின் இரண்டு பக்கமும் அழுத்திக் கீழே இறக்கினாள்.