சுருக்கமாகச் சொல்லவும்

"எப்படியோ போங்க அத்தை, எனக்கென்ன வந்தது!" என்று சொல்லிவிட்டுத்தான் விசில் டீச்சர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினாள்.

விஷயம் இதுதான். ஊர் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குச் சக்கர நாற்காலிகள் வாங்க ஐந்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்றை அவள் ஏற்பாடு செய்திருந்தாள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஒரு விசிலில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவள். அப்படிப்பட்டவளால் அறுபத்தெட்டு வயது மாமியாரை மட்டும் நிறுத்த முடியவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, முழங்காலுக்குத் தைலம் என்று காலம் தள்ளுகிற மனுஷி, யாருக்கும் தெரியாமல் பெயர் கொடுத்து, நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையையும் வாங்கி வைத்திருந்தார். மூன்று நாள் வாக்குவாதம். நாலாம் நாள் விடிந்ததும் மகனுடைய பழைய பனியனை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்று கால்களை உதறிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த எரிச்சலில்தான் அந்த வார்த்தை வந்துவிட்டது.

பந்தய வழியில் மூன்று தண்ணீர் மேசைகள், மேசைக்கு ஒருவர். கடைசி ஆள் தாண்டியதும் அவளுக்குப் போன் செய்துவிட்டு மேசையை மடக்கிவிடலாம். முந்தின நாள் ஒத்திகையில் ஆளாளுக்குப் போனில் கதை அளந்ததில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "யாரும் நீட்டி முழக்க வேணாம். ஒரே வரியில சொல்லிட்டு வெச்சிடுங்க" என்றவள், அதையே தாளில் அச்சடித்தும் கொடுத்தாள்.

மூன்றாவது மேசையில் நின்றது அவளுடைய கொழுந்தன். குழாய் வேலை செய்கிறவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று வாழ்கிற ஜென்மம். அவனிடம் போய்ச் சுருக்கமாகப் பேசச் சொன்னதற்கு அவளைத்தான் இரண்டு வைக்க வேண்டும்.

பந்தயம் நன்றாகவே நடந்தது. இருநூற்றுப் பதினாலு பேரில் இருநூற்றுப் பதின்மூன்று பேர் முடிவுக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். மைக் அவள் கணவன் கையில். தம்பி பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து இவன் பேசிவிடுவான். பாக்கி ஒரே ஆள். அவள் மணியைப் பார்த்தபோது போன் அடித்தது.

"அண்ணி."

"சொல்லுங்க தம்பி."

"அம்மா போயிட்டாங்க."

வைத்துவிட்டான்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு திரும்ப அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறையும் எடுக்கவில்லை. "கடைசியா வர்றது யாரு தெரியுமா? எங்கம்மா! எல்லாரும் கை தட்டத் தயாரா இருங்க!" என்று மைக்கில் கணவன் கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தான். அவனிடம் எந்த வாயால் சொல்வது? பத்தடி தள்ளி ஆம்புலன்ஸ் நின்றது. அதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பந்தயம் வந்த பாதையிலேயே எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தாள்.

ஓட ஓட அழுகை முட்டியது. எப்படியோ போங்க என்று சொன்னேனே, போய்விட்டாரே! வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா எனக்கு? டிவி சத்தத்துக்கும் டப்பா மூடிக்கும் பதினெட்டு வருஷமாகச் சண்டை போட்ட மனுஷிதான். ஆனால் மதியம் ஒரு மணி ஆனால் பள்ளிக்குப் போன் போட்டு "சாப்பிட்டியா?" என்று கேட்க உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே ஆளும் அவர்தான். நாளைக்கு ஒரு மணிக்கு யார் கேட்பார்கள்? ஒரு செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் சாலையோரம் எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள்.

பெட்ரோல் பங்க் வளைவில் யாரோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முகம் சிவந்து, எதையோ முணுமுணுத்தபடி வந்துகொண்டிருந்தார்.

மாமியார்தான். முழுசாக, உயிரோடு, எரிச்சலோடு.

டீச்சர் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, பந்தயம் நடத்துறவளே எதிர்ப்பக்கமா ஓடி வரலாமா?" என்றார் மாமியார். "அப்புறம் எதுக்கு இந்த அழுகை? நான் கடைசியா வர்றதுல உன் மானம் போச்சா?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கொழுந்தன்தான்.

"கூப்பிட்டீங்களா அண்ணி? வண்டியில சாமான் ஏத்திட்டிருந்தேன்."

"அம்மா போயிட்டாங்கன்னு சொன்னீங்களே தம்பி!"

"ஆமா. மேசையைத் தாண்டிப் போயிட்டாங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "ஐயோ அண்ணி! நீங்கதானே சுருக்கமா சொல்லச் சொன்னீங்க!" என்றான். அந்த வாரத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

மாமியாருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "தடிப்பய!" என்று திட்டிக்கொண்டே சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீச்சரும் அழுகையும் சிரிப்புமாக அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "இல்ல அத்தை, தப்பு என் மேலதான். காலையில அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

மாமியார் அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"எங்கேருந்து ஓடி வர்றே?"

"முடிவுக்கோட்டுலேருந்து."

"அது இங்கேருந்து ஒரு கிலோமீட்டர் இருக்குமே."

"இருக்கும்."

மாமியார் கஷ்டப்பட்டுக் குனிந்து பனியன் நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"பெத்தது ரெண்டும் எனக்காக ஒரு தெரு ஓடினதில்ல" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிடித்த கையை விடாமல், முன்னால் நடந்தார்.