மரக்குழலின் விளிம்பு

பழைய வைத்தியச் சாமான் வாங்கி விற்கிறவன் நான். பல் பிடுங்கும் குறடு, ஊசிப் பெட்டி, கால் அறுக்கும் ரம்பம், எது வந்தாலும் எடுப்பேன். எடுத்ததும் முதல் வேலை தேய்த்துப் பளபளப்பாக்குவது. வீட்டு அலமாரிக்கு வாங்குகிறவனுக்கு ரத்தக்கறை ஆகாது, ரத்தக் கதை மட்டும் வேண்டும். அதை நானே கட்டிவிடுவேன்.

போன மாதம் ஒரு பெண் ஒரு பையைக் கொண்டு வந்து போட்டாள். அவள் அம்மா வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தவளாம், இப்போது கண் தெரியாதாம். பைக்குள் ஒரு சாண் நீளத்தில் மரக்குழல். ஒரு முனையைக் கர்ப்பிணி வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தால் உள்ளே குழந்தையின் இதயம் துடிப்பது கேட்கும். அதன் அகன்ற வாயைச் சுற்றி எலி கடித்த மாதிரி கீறல்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெழுகு பூசினேன். வழவழவென்று ஆகிவிட்டது.

பத்தாம் நாள் திரும்பி வந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் விற்றுவிட்டாளாம். அம்மா குழலைக் கேட்கிறாளாம், சோறு இறங்கவில்லையாம். இந்த நாடகம் எனக்குப் பழக்கம். வேறு கடையில் விலை கூட என்று காதில் விழுந்தால் எல்லாருக்கும் அம்மா ஞாபகம் வந்துவிடும். விற்றாயிற்று என்று சொல்லிவிட்டேன். குழல் என் முதுகுக்குப் பின்னால் அலமாரிக்குள்தான் இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. "வாங்கினவருகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க ஐயா. அந்தக் கீறலத் தேச்சிட வேணாம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் அம்மா ஒண்ணு போட்டது. நேரா இருந்தா புள்ள பொழச்சுது. சாய்வா இருந்தா இல்ல."

அவள் போனதும் கீறல்களைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். போலி எனக்குப் புதிதில்லை. இல்லாத கம்பெனிக்கு முத்திரை குத்தியவன். ஆனால் எத்தனை நேர், எத்தனை சாய்வு? ஒன்றைக் கூடுதலாகச் சாய்த்தால் பிழைத்த பிள்ளையை நான் கொன்ற மாதிரி. ஒன்று குறைந்தால் செத்ததைப் பிறக்கவே இல்லை என்று சொன்ன மாதிரி. கத்தியை மடக்கிவிட்டேன். இதுவரை எத்தனை சாமானில் என்னென்னத்தைத் தேய்த்தேனோ.

யாரிடம் வாங்கினாலும் விலாசம் எழுதி வாங்கிக்கொள்வேன், திருட்டுச் சாமானாக இருந்தால் என் தலை உருளக் கூடாதே. மறுநாள் காலை அந்த விலாசத்துக்குப் போனேன். கதவைத் திறந்த பெண் என் கையில் இருந்த குழலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குழலை வாங்கி விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினாள். இன்னொரு சுற்று.

"தேச்சிட்டியா தம்பி?"

எனக்கு எழுபத்தொன்று. என்னை யாரும் தம்பி என்று கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

"ஆமாம்மா. எலி கடிச்சதுன்னு நெனச்சேன். கையில வச்சுக்கிட்டே வித்துட்டேன்னு பொய் வேற சொன்னேன்."

திட்டுவாள் என்று நின்றேன். கத்தி வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். நேர்க்கீறல் எதுவும் வேண்டாமாம், அதெல்லாம் எங்கேயாவது பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்குமாம். சாய்வு மட்டும் ஒன்பது. அவற்றை நினைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது என்றாள்.

கட்டிலோரம் உட்கார்ந்து வெட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்ததற்கு விட்டாள். ஆறாவதுக்குக் கத்தியை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதச் சின்னதாப் போடுப்பா. ஏழு மாசத்துலயே வந்துடுச்சு."

சின்னதாகப் போட்டேன். இன்னும் மூன்று பாக்கி இருந்தது.