மொட்டை மாடியில் ஒரு பேருந்து

பேருந்து பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது பூரான் ஆற்றிலிருந்து ஏறி வந்தது. ரயில் நீளத்துக்கு இரும்பில் செய்த பூரான் அது. யார் செய்து அனுப்புகிறார்கள் என்று நகரத்தில் யாருக்கும் தெரியாது. அந்த வாரத்தில் அது தலைகாட்டியது இரண்டாவது தடவை. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தாள். கண்ணெதிரே தார்ச்சாலை விரிசல் விட்டுப் பிளந்தது. பேருந்தின் முன்பக்கம் கீழே சாய, உள்ளே எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள். ஆனால் ஆற்றில் விழ வேண்டிய வண்டி மேலே போகத் தொடங்கியது.

ஜன்னலுக்கு வெளியே நீலக் கையுறை போட்ட ஒரு கை தெரிந்தது. "வான்காரர்!" என்று யாரோ அழுகையும் சிரிப்புமாகக் கத்தினார்கள். ஆபத்து என்றால் பறந்து வந்து காப்பாற்றுகிற மனிதருக்கு நகரம் வைத்த பெயர் அது.

வான்காரர் வண்டியைத் தூக்கிப் போய் ஓர் ஏழு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் வைத்தார். ஓட்டுநரின் ஜன்னல் பக்கம் குனிந்து, "யாரும் இறங்காதீங்க. இங்கேயே இருங்க, நான் வந்துடறேன்" என்று மூச்சு வாங்கச் சொன்னார். அடுத்த நொடி ஆள் இல்லை. தூரத்தில் ஆற்றின் மேல் ஒரு நீலப் புள்ளி பறந்துகொண்டிருந்தது.

ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். விரல்கள் நிமிர மறுத்தன. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தாள்.

நடத்துநர் பின்னாலிருந்து ஓடி வந்தான். அவள் கணவனின் தம்பி அவன். இருவருக்கும் ஒரே டிப்போ, ஒரே வண்டி. பயணிகள் முன்னால் 'டிரைவரம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவனே ஒரு விதி வைத்திருந்தான். பதற்றம் வந்தால் அந்த விதி காற்றில் போய்விடும்.

"அண்ணி, அடி எதுவும் படலையே?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உள்ளே பாரு."

பெரிய அடி யாருக்கும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்து பேச்சு கிளம்பியது. கழுத்தில் செல்போனை மாட்டியிருந்த ஓர் இளைஞன் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். "வான்காரர் கையால தூக்கின வண்டிங்க இது! இனிமே மியூசியத்துலதான் வைப்பாங்க!" என்றான். ஓட்டுநரின் போன் அடித்தது. கணவன்.

"டிவில உன் பஸ் பறக்குது!"

"தெரியுங்க. நான் உள்ளேதான் இருக்கேன்" என்றாள். மறுமுனையில் அவன் அழுவது கேட்டது. அதற்கு மேல் பேசினால் தானும் உடைந்துவிடுவோம் என்று போனை வைத்தாள்.

அப்போதுதான் முன் இருக்கையிலிருந்த பெண் எழுந்து வந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. கால்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. இருவரும் வாரத்துக்கு மூன்று தடவை இதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்.

"டிரைவரம்மா, அப்பாவுக்கு டயாலிசிஸ். போன தடவை பூரான் வந்து ரோட்டை மூடிட்டாங்க, போகவே முடியல. இன்னைக்கும் விட்டுப்போச்சுன்னா..." அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. பெரியவரின் மூச்சு அதை முடித்துவைத்தது. ஒவ்வொரு மூச்சும் ஈரமாக, இழுத்து இழுத்து வந்தது.

ஓட்டுநர் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். பல முறை முயன்ற பிறகு, மீட்பு வண்டிகளை அனுப்பும் பெண் ஒருத்தி எடுத்தாள். களைத்த குரல்.

"எந்த பஸ்? வான்காரர் தூக்கினதா? நீங்கதான் பத்திரமா இருக்கீங்களேம்மா."

"மாடி மேல இருக்கோம்மா. ஒருத்தருக்கு ரொம்ப முடியல. ஏணி வண்டி ஒண்ணு அனுப்புங்க."

"ஏணி எல்லாம் பாலத்துகிட்ட போயிருக்கு. இன்னும் காப்பாத்தாதவங்களுக்குத்தான் முதல்ல. நீங்க காப்பாத்தியாச்சு கணக்குல வந்துட்டீங்க." அவள் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னாள்.

ஓட்டுநர் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி வந்தாள். பின்சக்கரத்துக்கு அடியில் தளம் குழிந்து, குழியிலிருந்து விரிசல்கள் சிலந்திவலை போல ஓடியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று நீண்டது. எங்கோ பூரான் தரையில் அறையும் ஒவ்வொரு அடிக்கும் கட்டடம் லேசாக அதிர்ந்தது.

உள்ளே வந்து, "எல்லாரும் மெதுவா இறங்குங்க. பின்னால இருக்கிறவங்க முதல்ல. படி வழியா கீழே போறோம்" என்றாள்.

செல்போன்காரன் போனைத் தாழ்த்தினான். "அவர் இருக்கச் சொன்னாரே! அவரைவிட உங்களுக்கு அதிகமா தெரியுமா?"

நடத்துநரும் தயங்கினான். "அண்ணி, அவர் திரும்பி வந்து பார்த்து நாம இல்லைன்னா..."

"அவர் பறக்கிறவர்ப்பா. அவருக்கு மாடியும் தரையும் ஒண்ணுதான். நமக்கு அப்படியா? தளம் உட்காருது. வந்து பாரு."

அவன் பார்த்துவிட்டு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. பின்படிக்கட்டுப் பக்கம் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கத் தொடங்கினான். செல்போன்காரனும் அவனோடு இரண்டு பேரும் மட்டும் அசையவில்லை. வான்காரர் இதுவரை சொன்ன சொல் தவறியதில்லை என்றான் அவன். அவனுடைய தங்கையை ஒரு தீ விபத்தில் காப்பாற்றியவர் அவர்தானாம்.

ஓட்டுநருக்கு அவன்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது.

"தம்பி, அவர் வருவார். நான் இல்லைன்னு சொல்லல. இந்தத் தளம் அதுவரைக்கும் காத்திருக்குமான்னுதான் பயம். டிரைவர் கடைசியாத்தான் இறங்கணும். நீ இங்க இருந்தா நானும் இங்கதான். என்னை விட்டா இங்க வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க இல்ல, அந்தப் பெரியவரை யார் ஆஸ்பத்திரியில சேர்க்கிறது? நீயே சொல்லு."

அவன் பெரியவரைப் பார்த்தான். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

மாடிக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. பயணிகளில் ஒரு தச்சர் இருந்தார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், பை நிறையச் சாமான் வைத்திருந்தார். கீல்களில் உளியை வைத்து அடித்தார். துருப்பிடித்த கீல் சீக்கிரமே கழன்றது. பெரியவரால் படி இறங்க முடியாது. அதனால் பேருந்தின் ஒற்றை இருக்கை ஒன்றைத் தச்சரும் நடத்துநரும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். டிப்போவில் கேட்டால் என்ன சொல்வது என்று நடத்துநர் முணுமுணுத்தான். "பறந்தப்போ விழுந்துடுச்சுன்னு சொல்லு" என்றாள் அண்ணி.

பெரியவரை உட்காரவைத்து, மகளின் துப்பட்டாவால் இருக்கையோடு சேர்த்துக் கட்டினார்கள். ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மின்சாரம் இல்லை, லிஃப்டும் இல்லை. படிக்கட்டு முழுக்கச் சுண்ணாம்புத் தூள். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கிவைத்து ஆள் மாற்றிக்கொண்டார்கள். பெரியவர் ஒரு திருப்பத்தில் கண்ணைத் திறந்து, "உங்களுக்கெல்லாம் சிரமம்" என்றார்.

"பேசாதீங்க ஐயா. மூச்சை வீணாக்காதீங்க" என்றாள் ஓட்டுநர்.

முதல் மாடிக்கு வந்ததும் வழி அடைபட்டது. அதற்குக் கீழே படி இருந்த இடத்தில் இடிந்த சுவர் குவிந்து கிடந்தது. நடத்துநர் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "இனிமே எங்க போறது அண்ணி?"

அவள் பக்கத்துக் கதவைத் தள்ளினாள். துணி தைக்கும் பட்டறை. வரிசையாகத் தையல் இயந்திரங்கள், பாதி தைத்த சட்டைகள் ஊசியிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. ஆட்கள் எப்போதோ ஓடியிருந்தார்கள். தெருப்பக்கம் பெரிய ஜன்னல். எட்டிப் பார்த்தாள். சுவரை ஒட்டி ஒரு லாரி நின்றது. துணி மூட்டைகள் ஜன்னலுக்குச் சற்றுக் கீழே வரை அடுக்கியிருந்தன.

"இங்கதான்!" என்று கத்தினாள்.

நடத்துநர் முதலில் குதித்து மூட்டைமேல் நின்றான். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவன் தாங்கித் தாங்கி லாரியிலிருந்து தெருவுக்கு அனுப்பினான். கடைசியில் பெரியவர். பட்டறையில் கிடந்த துணிச்சுருளைப் பிரித்து முறுக்கி இருக்கையில் கட்டினார்கள். தச்சர் ஒரு பக்கமும் செல்போன்காரன் மறுபக்கமும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். பாதி வழியில் தலைக்கு மேலே இடி இடித்தது. கட்டடமே குலுங்கியது. படிக்கட்டு வழியாகப் புழுதி புகுந்து அறையை நிரப்பியது. பேருந்து தளத்தை உடைத்துக்கொண்டு அடியிலிருந்த மாடிக்குள் இறங்கிவிட்டது. துணி வழுக்கியது. தச்சர் தடுமாறி விழுந்தார். செல்போன்காரன் ஜன்னல் சுவரில் காலை ஊன்றி, துணியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு முழுப் பாரத்தையும் தாங்கினான். ஓட்டுநர் பாய்ந்துபோய் அவனுக்குப் பின்னால் பிடித்தாள்.

"விட்டுடாத தம்பி!"

"விடமாட்டேங்க. நீங்க பேசாம இழுத்துப் பிடிங்க!"

இருக்கை மூட்டைமேல் போய் உட்கார்ந்தது. அவனுடைய உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குதித்தான். அடுத்து தச்சர். ஓட்டுநர் கடைசியாக இறங்கினாள்.

லாரிக்காரர் ஓடும்போது சாவியை எடுக்க மறந்திருந்தார். அவள் உட்கார்ந்து கியரைத் தேடினாள். மகளும் பெரியவரும் பக்கத்தில் ஏறினார்கள். மற்றவர்கள் மூட்டைகள்மேல். நடத்துநர் பின்கதவைத் தட்டி, பழக்கதோஷத்தில், "ரைட், ரைட்!" என்றான். அவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

சந்து சந்தாகப் புகுந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஓடினார். கதவு மூடியது. ஓட்டுநர் சுவரில் சாய்ந்து நின்றாள். அப்போதுதான் முழங்கால் வலிப்பது தெரிந்தது.

நடைகூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பூரான் ஒழிந்தது என்று எழுத்து ஓடியது. பிறகு அந்தக் கட்டடத்தைக் காட்டினார்கள். உடைந்த மாடிக்குள் வான்காரர் மண்டியிட்டுக் கான்கிரீட் துண்டுகளை வெறிபிடித்தவர் போல வாரி எறிந்துகொண்டிருந்தார். நசுங்கிய பேருந்தின் தகரத்தைப் பிய்த்தார். வாய் அசைந்தது. யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

செல்போன்காரன் டிவியை நெருங்கிப் போனான். "ஐயோ, நாம உள்ளே இருக்கோம்னு நினைக்கிறார்."

ஓட்டுநர் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். இல்லை. லாரிச் சாவியை எடுத்தாள்.

"அண்ணி, இப்பத்தான் தப்பிச்சு வந்தோம். மறுபடி அங்கேயா?"

"அந்த மனுஷன் எவ்வளவு நேரம் இப்படித் தோண்டுவான்? நீ அந்த அப்பாவுக்கும் பொண்ணுக்கும் துணையா இரு. நான் போயிட்டு வர்றேன்." செல்போன்காரன் கேட்காமலே வந்து லாரியில் ஏறிக்கொண்டான்.

கட்டடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். போலீஸ்காரர் தடுத்தார். அவள் லாரியை நிறுத்தி ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள், எடுக்கவே இல்லை. தெருவே காதைப் பொத்திக்கொண்டது. மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"இங்க இருக்கோம்! எல்லாரும் இறங்கிட்டோம்! யாரும் உள்ளே இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

வான்காரர் இறங்கி வந்தார். வந்த வேகத்தில் நிற்க முடியாமல் லாரியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டார். கையுறைகள் கிழிந்து விரல்களில் ரத்தம். கிட்டத்தில் பார்த்தால் அவளுடைய கொழுந்தனைவிடச் சின்னவராகத் தெரிந்தார்.

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

அவர் தரையில் உட்கார்ந்தார். கிழிந்த கையுறைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். பிறகு, "இருங்கன்னு சொன்னேனே" என்றார். அதில் கோபம் இல்லை, ஒரு குழந்தையின் குழப்பம் இருந்தது.

"சொன்னீங்க. ஆத்துல விழாம தூக்கினீங்க, அதுக்கு உயிர் உள்ளவரை கும்பிடுவேன். ஆனா உள்ளே ஒருத்தர் மூச்சு விடவே கஷ்டப்பட்டுட்டு இருந்தார். தளம் தாங்குமான்னும் நீங்க பார்க்கல. அவசரம்தான், எனக்குப் புரியுது. இனிமே யாரையாவது எங்கயாவது வச்சா, ஒரு வார்த்தை கேளுங்க, உங்களால காத்திருக்க முடியுமான்னு. அவ்வளவுதான்."

"கேட்கிறேன்" என்றார். செல்போன்காரன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். மாடியில் எல்லாவற்றையும் படம் பிடித்தவன், அப்போது மட்டும் போனை வெளியே எடுக்கவில்லை.

அவர் குடித்து முடிப்பதற்குள் தெருமுனையிலிருந்து ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். "யார் என் லாரியை எடுத்தது?" என்று கத்திக்கொண்டே வந்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று பார்த்ததும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

"நான்தாங்க எடுத்தேன்" என்றாள் ஓட்டுநர். "பிரேக் கொஞ்சம் லூசா இருக்கு. பார்த்து சரி பண்ணுங்க."

பெரியவருக்கு அன்று மாலை மூச்சு சீரானது. ராத்திரிச் செய்தியில் வான்காரர் பேருந்தைத் தூக்கிய காட்சியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். படியில் இறங்கிய காட்சியை யாரும் காட்டவில்லை, படம் எடுத்தவர்களும் இல்லை. டிப்போ மேலாளர், வண்டி எப்படி மாடிக்குப் போனது என்று எழுதித் தரச் சொன்னார். நடத்துநர் அதை எப்படி எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டு நாள் கழித்து வேறொரு வண்டி கொடுத்தார்கள். பழைய வண்டி, கியர் சண்டித்தனம் செய்தது. பாலம் இல்லாததால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அன்று பெரியவருக்கு மறுபடி டயாலிசிஸ் நாள். ஓட்டுநர் கண்ணாடியைச் சரிசெய்து, இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே டிப்போவை விட்டுக் கிளம்பினாள்.