‘ஆந்தை இல்லை’ என்றொரு அறிக்கை

ஆந்தையைத் தேடக் காலை பத்து மணிக்குக் காட்டுக்குள் போய், நாலு மணிக்கெல்லாம் ஜீப்பில் ஏறித் திரும்பிய வனத்துறைக் கூட்டத்தை என்னவென்று சொல்வது? மூன்று நாள் அப்படிப் போய்வந்து, ‘ஆந்தை இல்லை’ என்று அறிக்கையும் தட்டச்சடித்துவிட்டார்கள். அழிந்துவரும் அந்த ஆந்தை இருக்கும் காட்டில் கோடரி படக்கூடாது என்பது சட்டம். இனி வன ஆய்வாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழுந்தால் முன்னூறு வயது மரங்கள் அத்தனையும் விழும்.

ஆய்வாளர் அந்த வாரம் பயிற்சிக்குப் போயிருந்தாள். திரும்பியதும் தனியாக ஒரு நடை காட்டுக்குப் போய்வந்தாள். இப்போது மேலதிகாரியின் மேசை முன்னால் நிற்கிறாள். பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருப்பவன் மரம் வெட்டக் குத்தகை எடுத்த கான்ட்ராக்டர். அவளுடைய சொந்த அண்ணன்.

“கையெழுத்தப் போடும்மா, லாரியெல்லாம் காத்துக்கிட்டு நிக்குது,” என்றான்.

அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அறிக்கையின் மேலேயே கொட்டினாள். கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள். ஒன்றை நசுக்கினாள். எலிமுடி, பொடிப்பொடி எலும்பு, ஒரு குட்டி மண்டையோடு.

அதிகாரி நாற்காலியோடு பின்வாங்கினார். “என்ன கருமம் இது?”

“ஆந்தை முழுங்கிட்டுக் கக்கினது சார். பதினோரு மரத்தடியில பொறுக்கினேன். இல்லாத ஆந்தை எப்படி சார் கக்கும்?”

“வெட்டுற எடத்துலதான் புதுக் கன்னு நடுறோமே,” என்று அண்ணன் குறுக்கே புகுந்தான்.

“நடு. அதுல பொந்து விழ எரநூறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஆந்தை எங்க தங்கும், உன் வீட்டு மொட்டைமாடியிலயா?”

அண்ணன் முகம் சிவந்தது. “அப்பா போனப்புறம் உன்னப் படிக்க வெச்சது யாரு?”

சுருக்கென்று தைத்தது. பொய்யில்லையே, அவன் மரம் அறுத்த காசில்தான் அவள் படித்தாள்.

“நீதாண்ணே. அதுக்கு என்ன வேணா கேளு, தர்றேன். பொய்ய மட்டும் கேக்காத.”

“நாளைக்கே உன்னத் தூக்கியடிக்கிறேன் பாரு,” என்று அதிகாரி உறுமினார்.

“அடிங்க சார். இன்னிக்கு நான்தானே ஆய்வாளர்?”

பேனாவைத் திறந்து ‘இல்லை’யை அடித்தாள். மேலே ‘இருக்கிறது. வெட்டக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தைத் தானே எடுத்துக்கொண்டு தபால் பிரிவுக்கு நடந்தாள். பின்னாலிருந்து அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

குமாஸ்தா முத்திரையை ஒப்புக்கு ஒற்றினார். தேதி பாதிதான் விழுந்தது.

“இன்னொரு தடவை வைங்க,” என்றாள். “நல்லா அழுத்தி.”